மட்டக்களப்பில் பெரிய இசைவிழா: வருவது, சுற்றுவது, வீடு திரும்புவது – முழு வழிகாட்டி

வெபர் மைதானத்திலோ கல்லடிக் கடற்கரையிலோ பெரிய இசைநிகழ்ச்சி ஒன்று வருகிறது என்று சுவரொட்டி ஒட்டிய நாளிலிருந்து ஊரில் ஒரே பேச்சுத்தான். யார் பாட வருகிறார், ரிக்கெட் எவ்வளவு, முன்வரிசை கிடைக்குமா? எப்படித் திரும்பி வருவது என்ற கேள்வி மட்டும் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் எழும். அதுவும் பாலத்தடியில் ஓட்டோவும் வானும் மோட்டார் சைக்கிளும் ஒன்றோடொன்று சிக்கி நிற்கிற நேரத்தில். மட்டக்களப்பில் விழாநாள் போக்குவரத்து என்றால் பாலம்தான். மற்ற எல்லாத் திட்டத்தையும் அதைச் சுற்றியே போட வேண்டும்.

ஊரின் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பஸ் நிலையமும் பழைய கோட்டையும் காந்தி பூங்காவும் இருக்கும் புளியந்தீவு நிஜமாகவே ஒரு தீவு. அதிலிருந்து பெரிய பாலம் தாண்டினால் கோட்டைமுனை. புகையிரத நிலையம், பெரிய கடைகள், திருகோணமலை வீதி எல்லாம் அந்தப் பக்கம். கோட்டைமுனையிலிருந்து அரசடி வழியாகக் கிழக்கே போய்க் கல்லடிப் பாலம் தாண்டினால் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கல்முனை வரை போகும் நெடுஞ்சாலை. இந்தப் பாலங்கள் கடக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரை. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். சுற்றிப் போகலாம் என்று நினைக்கவே முடியாது. ஆகவே வடக்கிலிருந்து கோட்டைமுனைக்கு வருகிறவர்களைத் தவிர, மற்ற எல்லோரும் ஏதோ ஒரு பாலத்துக்குக் கடன்பட்டவர்கள்தான்.

முதலாவது: எந்தக் கரையில் படுப்பது?

அறையின் விலை, குளிரூட்டி, கடல் தெரியுமா என்பதெல்லாம் பிறகு. மேடை எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையிலேயே தங்க இடம் தேடுங்கள். நிகழ்ச்சி கல்லடிக் கடற்கரையிலோ சிவானந்தா பாடசாலை மைதானத்திலோ என்றால் கல்லடி, நாவற்குடா பக்கம். வெபர் மைதானம், தேவநாயகம் மண்டபம் என்றால் நகரத்துக்குள். நகரத்துக்குள் அறைகள் கடற்கரைப் பக்கத்து அறைகளைப் போல அழகாக இராது. ஆனால் நள்ளிரவில் நடந்தே போய்ப் படுக்கலாம். அந்த ஒரு இரவுக்கு அதுதான் பெரிய வசதி.

பாசிக்குடாவில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, அங்கே தங்கி வந்து போகலாமே என்று வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் கேட்பார்கள். தூரம் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வாகனம் உங்களுடையதாகவோ, திரும்பும் வரை காத்திருக்கும் வாடகை வாகனமாகவோ இருந்தால் சரி. பாசிக்குடாவிலிருந்து வரும்போது கல்லடிப் பாலம் குறுக்கே வராது என்பதால், மேடை நகரத்துக்குள் இருந்தால் இது நாவற்குடாவில் தங்குவதைவிடக்கூட லேசாக முடியலாம். இரவில் பஸ் பிடித்துப் போகலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

சொந்தக்காரர் வீடு இருக்கிறவர்களுக்கு அறைப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை உண்டு. மாமி சாப்பிடாமல் விடமாட்டார். இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் முடிந்து கிளம்ப ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது: கலண்டரைப் பாருங்கள்

நிகழ்ச்சி போயா (பௌர்ணமி) விடுமுறை தினத்தையோ நீண்ட வார இறுதியையோ ஒட்டி வந்தால் ரயில் ஆசனங்கள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆடி அமாவாசையை ஒட்டி வந்தால் இன்னொரு கூட்டமும் சேரும். மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ஊர் முழுவதும் அமிர்தகழிப் பக்கம் திரும்பியிருக்கும் நாள் அது. அந்தக் கூட்டத்தில் ஒருமுறை நின்றவர்களுக்கு இந்த வழிகாட்டியில் பாதி தேவையே இல்லை.

காலநிலை: நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் மழை அங்கியும், சேற்றில் கழன்று போகாத செருப்பும் வேண்டும். தாழ்வான வீதிகளில் தண்ணீர் நின்றால் பயண நேரம் இரட்டிப்பாகும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று. பகலில் வெளியே நிற்கவே முடியாத வெக்கையும் புழுதியுமாக இருக்கும். மைதானக் கதவு நான்கு மணிக்குத் திறக்கிறது என்றால் இரண்டு மணிக்கே போய் வெயிலில் வரிசையில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்வரிசைக்காக மயங்கி விழுந்தவர்கள் எல்லா விழாவிலும் உண்டு.

மூன்றாவது: ஊருக்கு வந்து சேர்வது

கொழும்பிலிருந்து ரயில். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பகலில் உதயதேவி என்ற ரயில், இரவில் ஒரு கோச்சி என்பது வழமை. மாகோ, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வந்து மட்டக்களப்பில் பாதை முடிந்துவிடும். ஒதுக்கிய ஆசனங்களுக்கான பதிவு முப்பது நாள் முன்னதாகத் திறக்கும். அன்றே எடுத்துவிடுங்கள், திரும்புவதையும் சேர்த்து. அடையாள அட்டை இலக்கம் கொடுத்து எடுத்தால் பயணத்தில் அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். புறப்படும் நேரங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாள் 1919 என்ற அரச தகவல் இலக்கத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பாதையில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். 2025 பெப்ரவரியில் கல்லோயாவுக்கு அருகே யானைக் கூட்டமொன்று ரயிலில் அடிபட்டு இறந்தது. காட்டுப் பகுதியில் ரயில் மெதுவாக வருவதும் நின்று வருவதும் சகஜம். பிற்பகலில் வந்து இறங்க வேண்டிய ரயிலில் ஏறிவிட்டு அன்று மாலை நிகழ்ச்சிக்குப் போகத் திட்டமிடுவது சூதாட்டம். முதல் நாள் இரவு ரயிலில் வாருங்கள். காலையில் இறங்கி, குளித்து, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போகலாம்.

கொழும்பிலிருந்து பஸ். புறக்கோட்டையிலிருந்து இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்களும் தனியார் குளிரூட்டி பஸ்களும் வருகின்றன; பெரும்பாலானவை இரவில் கிளம்பி அதிகாலையில் வந்து சேரும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் கொழும்புக்குள் போக வேண்டியதில்லை. நீர்கொழும்பு, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக வாகனம் பிடித்து நேரே வரலாம். ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையிலும் வெலிக்கந்தைப் பக்கமும் யானை வீதிக்கு வரும் என்பதால் பொழுது படுவதற்குள் அந்தத் துண்டைத் தாண்டப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நேரடி பஸ் உண்டு, வவுனியா ஊடாக. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வாகரை வழியாகக் கரையோரப் பாதை. முன்பு இடையிடையே பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏறி இறங்கிய வீதியில் இப்போது முழுக்கப் பாலங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதைவிட அழகான வழி இல்லை.

மலையகத்தவர்களுக்குப் பதுளை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்ற வீதி இருக்கிறது. கண்டியிலிருந்தும் மகியங்கனை வழியாக இதில் சேரலாம், ஹபரணை சுற்ற வேண்டாம். மகாஓயாவுக்கு இந்தப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு, ஆகவே இதுவும் பகல் வீதிதான்.

அம்பாறை மாவட்டத்தவர்கள், அதாவது கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்கள்தான் இங்கே நடக்கும் எந்த நிகழ்ச்சியிலும் பெரிய தொகையாக வருகிறவர்கள். கல்முனையிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பகலில் பஸ் அடிக்கடி வரும். காத்தான்குடிக்குள் மாலையில் வாகனம் ஊர்ந்துதான் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் அப்படித்தான். அதற்கு அரை மணித்தியாலம் விடுங்கள்.

விமான நிலையமும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளூர் விமானத்தில் ஆசனம் இருந்தால் அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நான்காவது: வாகனத்தை எங்கே விடுவது?

மைதானத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்த வாகனத்தை வெளியே எடுக்க மணிக்கணக்காகும். ஆகவே வேண்டுமென்றே தள்ளி விடுங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பிள்ளையாரடி, ஊறணிப் பக்கம் தெரிந்தவர் வளவு ஏதாவது இருந்தால் அங்கே விட்டுவிட்டு ஓட்டோவில் உள்ளே வரலாம். தெற்கிலிருந்து வருகிறவர்கள், மேடை நகரத்துக்குள் என்றால், கல்லடியிலேயே நிறுத்திவிட்டுப் பாலத்தை நடந்து கடப்பது நல்லது.

நடப்பதற்குக் கல்லடியில் இரண்டு பாலம் இருப்பது வசதி. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் மானிங் சீமாட்டியின் பெயரைக் கொண்டது. வாகனங்கள் போவதற்கான புதிய பாலம் 2013இல் பக்கத்திலேயே திறந்தார்கள். மாலையில் பழைய பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு நடக்க நன்றாக இருக்கும். புதிய பாலத்தில் உங்களைத் தாண்டிப் போன வான் அரசடிச் சந்தியில் இன்னும் நிற்பதைப் பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

தெற்கிலிருந்து வாகனத்தோடு வந்து, கல்லடிப் பாலத்தைத் தொடாமல் நகரத்துக்குள் நுழைய ஒரு வழி உண்டு. ஆரையம்பதியில் இடப்பக்கம் திரும்பி மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, வவுணதீவு என்று வந்து வலையிறவுப் பாலத்தால் உள்ளே வரலாம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்துதான் இது சாத்தியம். சுற்று அதிகம், ஆனால் பகலில் இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கலாம். நள்ளிரவில் திரும்பி வர இதைச் சொல்லமாட்டேன். வெளிச்சம் குறைவு, மாடுகள் வீதியில் படுத்திருக்கும், படுவான்கரையில் யானைப் பயமும் உண்டு. குருமண்வெளி–மண்டூர், குருக்கள்மடம்–அம்பிளாந்துறை போன்ற இடங்களில் வாவியில் ஓடும் மிதவைப் பாதைகளும் பகல் பயணத்துக்கு உரியவை. இரவு நிகழ்ச்சிக்குப் போய் வர அவற்றை எண்ண வேண்டாம்.

ஐந்தாவது: ஊருக்குள் சுற்றுவது

மட்டக்களப்பு தட்டையான ஊர். மேடு பள்ளம் இல்லை. காலும் சைக்கிளும் போதும். புகையிரத நிலையத்திலிருந்து புளியந்தீவு பஸ் நிலையத்துக்கு அரை மணித்தியாலத்துக்குள் நடந்துவிடலாம். சுமை இருந்தால் மட்டும் ஓட்டோ. ஏறுவதற்கு முன் விலையைப் பேசுங்கள். விழா நாளில் விலை ஏறும், அதில் சண்டை பிடித்துப் பயனில்லை. "அண்ணன், அரசடிக்கு எவ்வளவு?" என்று இறங்கிக் கேட்டால் பெரும்பாலும் நியாயமாகத்தான் சொல்வார்கள். காலையில் கொண்டுபோய் விட்டவர் நல்லவராக இருந்தால் அவருடைய போன் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் வாகனம் கூப்பிடுவது அன்று இரவு அநேகமாக உதவாது. அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் போனைத் தூக்கினால் சிக்னலே வராது.

அதனால்தான் சந்திக்கும் இடத்தையும் முன்னமே பேசி வைக்க வேண்டும். "வாசலில் நிற்கிறேன்" என்பது இடமே இல்லை. காந்தி பூங்கா, மணிக்கூட்டுக் கோபுரம், அரசடிச் சந்தி மாதிரி மைதானத்திலிருந்து சற்றுத் தள்ளி, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். நேரத்தையும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் உங்கள் இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

காசு: பணம் எடுக்கும் இயந்திரங்களின் முன்னால் மாலையில் வரிசை நிற்கும், சிலது வெறுமையாகிவிடும். காலையிலேயே எடுத்துச் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டிக் கச்சான் கடலை வாங்க முடியாது.

பகலில் நேரம் இருந்தால், இசைக்காக வந்தவர்கள் கல்லடியில் ஒரு இடத்துக்குப் போக வேண்டும். காரைதீவில் பிறந்து, தமிழரின் பழைய யாழ்களை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இசை, நடன, நாடகக் கற்கைகளுக்கான நிறுவகமும் அவருடைய பெயரில் கல்லடியிலேயே. வாவிக்குள்ளிருந்து வரும் பாடும்மீன் ஒலியைக் கேட்க ஆசையென்றால் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில், நிலவு இரவில், கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போக வேண்டும். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். விழா நடக்கும் இரவில் ஒலிபெருக்கிதான் கேட்கும், ஆகவே முதல் நாளே போய்விடுங்கள்.

ஆறாவது: நிகழ்ச்சி முடிந்த பிறகு

கவனம் தேவைப்படுவது இங்கேதான். நிகழ்ச்சி சொன்ன நேரத்துக்குத் தொடங்காது, சொன்ன நேரத்துக்கு முடியவும் முடியாது. இருட்டிய பிறகு ஊருக்குள் பஸ் நன்றாகக் குறைந்துவிடும். பஸ்ஸில் வந்தவர்கள் பஸ்ஸிலேயே திரும்பலாம் என்ற நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழும்பிப் போனால் நெரிசல் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட வந்தவர்கள் வைத்திருப்பதே கடைசிக்கு ஒரு நல்ல பாட்டு. காசு கொடுத்து வந்துவிட்டு அதை மதிலுக்கு வெளியே நின்று கேட்கும் ரகம் நான் இல்லை. முழுக்கக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவசரப்படாமல் முக்கால் மணித்தியாலம் இருந்துவிடுங்கள். கொத்துரொட்டிக் கடையில் தகடு தட்டும் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே போய் உட்காரலாம். ஒரு கொத்தும் பிளேன்ரீயும் முடிய வீதி பாதி காலியாகியிருக்கும். கூட்டம் வெளியேறும் முதல் இருபது நிமிடத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு முண்டியடிப்பதுதான் ஆபத்து. ஓரமாக நில்லுங்கள்.

அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு நல்ல வழி, பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஹயஸ் வான் பிடிப்பது. வானைப் பேசும்போதே இப்படிச் சொல்லி வையுங்கள்: "அண்ணன், நீங்க பாலம் தாண்டி உள்ளுக்க வர வேணாம். கல்லடியில றோட்டை விட்டு உள்ளுக்க எடுத்து நில்லுங்க, நாங்க நடந்து வாறம்." வானின் மூக்கு கல்முனைப் பக்கம் பார்த்தபடி நிற்க வேண்டும், அதையும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கல்லடியில் வானைத் திருப்புவதற்கே கால் மணித்தியாலம் போகும். மேடை கல்லடியிலும் நீங்கள் தங்குவது நகரத்திலும் என்றால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: நடந்து பாலம் தாண்டி, அரசடியில் ஓட்டோ.

ஓட்டுகிறவர் நித்திரையாக இருந்தால் ஏறாதீர்கள். மது எடுத்திருந்தால் நிச்சயமாக ஏறாதீர்கள். திரும்பும் வீதியில் நள்ளிரவுக்குப் பிறகு மாடும் நாயும் தலைக்கவசம் இல்லாத மோட்டார் சைக்கிளும்தான் அதிகம். பெண்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ வந்திருந்தால், திரும்பும் ஓட்டோவை விடுதிக்காரர் மூலமோ சொந்தக்காரர் மூலமோ ஒழுங்கு செய்வது நல்லது. வண்டி இலக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் 1990, இலவச அம்புலன்ஸ். பொலிஸ் 119. கூட்டத்துக்குள் அம்புலன்ஸ் வர முடியாது. முடிந்தால் ஆளை வீதி விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டு, பக்கத்துச் சந்தியின் பெயரைச் சொல்லுங்கள்.

மறுநாள்

காலையில் பஸ் நிலையத்திலும் புகையிரத நிலையத்திலும் நேற்றிரவுக் கூட்டமே நிற்கும். கல்முனைப் பக்கமிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்கள் மட்டக்களப்புக்கு வரும்போதே நிரம்பியிருக்கலாம், ஆகவே ஆசனத்தை முன்பே பதிந்து வையுங்கள். ரயிலில் பதிவு இல்லாமல் போகிறவர்கள் பாதை தொடங்கும் மட்டக்களப்பு நிலையத்திலேயே நேரத்தோடு ஏறினால்தான் இடம். ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ ஏறினால் பொலன்னறுவை வரை நின்றுகொண்டுதான். பதிவு செய்தவர்கள் அந்தப் பக்கம் தங்கியிருந்தால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம், அதற்காக ஊருக்குள் வர வேண்டியதில்லை.